தங்கச்சி முகம் க்ரீமால் எரிகிறது, வீட்டில் "கல்யாணம் முடியட்டும்" என்கிறார்கள்

நெல்லைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு 25 வயது. எம்.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். வரன் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து அவள் படிப்பு, சம்பளம், ஜாதகம் எதைப் பற்றியும் பேச்சில்லை, கலர் கலர் என்று ஒரே பாட்டுதான். நான் மாநிறம், அவள் அம்மாவைப் போல நல்ல கருப்பு. எனக்குப் பேசி முடித்தபோது வராத பேச்செல்லாம் அவளுக்கு வருகிறது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் கேசரி பஜ்ஜி எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போய், "பொண்ணு குணமாத்தான் தெரியுது, கலர்தான் கொஞ்சம் கம்மி, பையனோட பாட்டி யோசிக்கிறாங்க" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வீட்டில் சுற்றி வளைக்காமல் நேராகவே பேரம், இன்னும் 20 பவுன் சேர்த்துப் போட்டால் பார்க்கலாமாம். அப்பா அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

இதற்கு நடுவில் எங்கள் சித்தி ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்தார். "என் மருமகளுக்கு இதைத்தான் போட்டோம், பத்தே நாள்ல பளிச்சுன்னு ஆயிட்டா" என்று. மருந்துக்கடையில் பெயரைச் சொன்னாலே கொடுத்துவிடுகிறார்கள். உண்மையாகவே இரண்டு மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, அந்த முகத்தோடு புது போட்டோ எடுத்துத் தரகருக்கு அனுப்பியாயிற்று. இப்போது ஆறேழு மாதம் ஆகிவிட்டது. ஒருநாள் பூசாவிட்டால் முகம் சிவந்து தீயாய் எரிகிறது என்கிறாள். வெயிலில் நிற்க முடியவில்லை, அடுப்படியில்கூட நிற்க முடியவில்லை. கன்னத்தில் பூனைமுடி, நெற்றி முழுக்கப் பரு, கழுத்து ஒரு கலர் முகம் ஒரு கலர்.

அம்மாவிடம் நிறுத்தச் சொன்னால், "இன்னும் ரெண்டு மாசம், ஆவணிக்குள்ள ஒண்ணு அமைஞ்சிரும், கல்யாணம் முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்" என்கிறார். கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் முகம் என்ன ஆகும் என்று கேட்டால் பதில் இல்லை. இதில் கொடுமை, அப்பாவைப் பெற்ற ஆச்சி கண் மூடும்வரை அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்தக் கருத்தவ" என்றுதான் சொல்வார். அவ்வளவு பட்டவர் மகளை இப்படிச் செய்யலாமா என்று கோபம் வருகிறது. பட்டதனால்தான் இப்படிப் பயப்படுகிறாரோ என்றும் தோன்றுகிறது.

இந்த க்ரீமை எப்படி விடுவது? அம்மாவிடமும் சித்தியிடமும் சண்டை போடாமல் எப்படிப் பேசுவது? நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், போனில் கத்தினால் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து "மனசுதான் அழகு" மாதிரி ஸ்டேட்டஸ் வசனம் வேண்டாம்.

மெடிக்கல் அண்ணாச்சி:

நான் மருந்துக்கடைக்காரன்மா, டாக்டர் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததுமே அந்த ட்யூபில் என்ன இருக்கும் என்று பாதி தெரிந்துவிட்டது. தங்கச்சியிடம் சொல்லி ட்யூபின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், ஃப்ளூசினோலோன், இதில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்று இரண்டு பெயர் இருந்தால் அது மங்குக்கு, அதாவது முகத்தில் படர்கிற கருந்திட்டுக்கு, கொடுக்கிற கூட்டு மருந்து. க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1975இல் வெளியிட்ட கலவையிலிருந்து வந்த வகை அது. டாக்டர் முகத்தைப் பார்த்து, இத்தனை வாரம்தான் என்று அளந்து கொடுக்க வேண்டிய சாமான். மங்கே இல்லாத முகத்தில் மாதக்கணக்கில் பூச அதை யாரும் செய்யவில்லை.

ஸ்டீராய்டு தோலில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், நிறமி உண்டாவதையும் அடக்கும். அதனால் முதல் சில வாரம் முகம் வெளுத்து மழமழவென்று தெரியும். உங்கள் சித்தி பார்த்த பளிச் அதுதான். அப்புறம் தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பரு வரும், முடி வளரும். நிறுத்தினால் இவ்வளவு நாள் சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து எரிச்சலும் சிவப்புமாகக் கிளம்பும். மறுபடி பூசினால் அடங்கும். அடங்குகிறதே என்று மறுபடி பூசுவார்கள், இப்படியே ஓடும். இது ரொம்பப் பேருக்கு வந்துவிட்டதால் ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்று தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஹைட்ரோகுவினோனை வருஷக்கணக்கில் பூசினால் தோலுக்குள் நீலம் பாய்ந்த கருப்பு படிகிற வியாதி வேறு இருக்கிறது, வந்தால் லேசில் போகாது. வெளுக்கப் பூசியது அங்கே போய் முடியும்.

2018இல் மத்திய அரசு இந்த மாதிரி 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை ஷெட்யூல் ஹெச்சில் சேர்த்தது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று ட்யூபிலேயே அச்சடித்திருக்கும். நடப்பு என்ன என்று உங்கள் சித்திக்கே தெரியும். நான் இல்லை என்று சொன்னால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு, "உங்க கடையில எதுதான் இருக்கு" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலும் பெண்ணைப் பெற்ற அம்மாக்கள். பூசப்போகிற பெண் கடைக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கும்.

முக்கியமாக, இவ்வளவு மாதம் பூசியதைத் தானாகவே சட்டென்று நிறுத்தி வீட்டிலேயே சமாளிக்க வேண்டாம், அந்த எரிச்சல் தாங்காமல் திரும்பவும் அதையே எடுத்துவிடுவாள். தோல் டாக்டரிடம் ட்யூபோடு போகச் சொல்லுங்கள். காசு பார்க்கிற வீடு என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியிலேயே தோல் பிரிவு இருக்கிறது, அங்கே பார்க்கக் காசு கேட்க மாட்டார்கள். ட்யூபில் பெயர், கம்பெனி, பேட்ச் நம்பர் எதுவும் இல்லை என்றால் இன்னும் ஆபத்து, அதில் பாதரசம் இருக்கலாம். 2023இல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை விசாரித்தபோது பலரும் அப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம் பூசியிருந்தது தெரிந்தது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை, இதெல்லாம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூணு பொண்ணு அம்மா:

எல்லாரும் அந்த அம்மாவைத் திட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்று பெண்கள். மூத்தவள் சிவப்பு, அடுத்த இரண்டும் கருப்பு. மூத்தவளுக்கு 25 பவுன் போட்டேன், யாரும் மூச்சு விடவில்லை. இரண்டாமவளுக்கு 45 போட்ட பிறகுதான் சம்பந்தம் கூடியது, இத்தனைக்கும் அவள் அக்காவைவிடப் படித்தவள், சம்பாதிக்கிறவள். தங்கம் விற்கிற விலையில் அந்த 20 பவுன் என்ன கணக்கு என்று கூட்டிப் பாருங்கள். மேடையில் கருப்பே அழகு என்று பேசுகிற யாரும் வந்து அதைக் கொடுக்கப் போவதில்லை.

இன்னொன்று, பெண்ணை நிறம் பார்ப்பது யார்? வருகிற ஆண்கள் பெரும்பாலும் போனில் போட்டோவைப் பார்த்ததோடு சரி. மாமியார், நாத்தனார், அத்தைமார்தான் கிட்டே வந்து உட்காருவார்கள். முகத்தில் பவுடர் இருக்கும் என்று தெரியும், அதனால் பாசமாகக் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற சாக்கில் வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு முழங்கைப் பக்கம் பார்ப்பார்கள். என் கண் முன்னாலேயே நடந்தது. அவ்வளவும் பெண்கள், அதில் பாதிப் பேர் என் மகளைவிடக் கருப்பு.

க்ரீமை நிறுத்த வேண்டும், அதில் எனக்கு வேறு பேச்சில்லை. ஆனால் உங்கள் அம்மாவிடம் போய் நிறம் முக்கியமில்லை என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் வாழ்ந்த வாழ்க்கையில் அது பச்சைப்பொய், காதைப் பொத்திக்கொள்வார். "முகூர்த்தத்தன்னிக்கு முகம் வெந்து போய் மணவறையில உட்காரப் போறா, வந்த சனமெல்லாம் பார்க்கும், அப்ப என்ன சொல்லுவீங்க" என்று கேளுங்கள். அது ஏறும்.

வேப்பம்பூ:

மூணு பொண்ணு அம்மா, நீங்கள் சொல்வதில் முழங்கை விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை, எனக்கும் நடந்தது. ஆனால் அந்த 20 பவுன் பற்றிக் கோபிக்காமல் கேளுங்கள். நீங்கள் கொடுத்த 45தான் உங்கள் தெருவில் அடுத்த கருப்புப் பெண்ணுக்கு ரேட் ஆகியிருக்கும். 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாயிற்று, நாம் அதற்குள் நிறத்துக்கென்று தனி வரி வைத்திருக்கிறோம். பெண்ணைப் பெற்றவர் கையில் வேறு வழி இல்லாமல் கட்டுகிறார் என்று எனக்கும் தெரியும், என் அப்பாவும் கட்டத் தயாராகத்தான் இருந்தார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டில் இரண்டு வருஷம் போர்.

நெல்லைக்காரி, நான் என்ன செய்தேன் என்றால் என் மேட்ரிமோனி புரொஃபைலை நானே எடுத்துக்கொண்டேன். வெயிலில் எடுத்த போட்டோ, ஃபில்டர் இல்லை, நிறம் கருப்பு என்று எழுதினேன். வந்துகொண்டிருந்த விசாரிப்பு பாதிக்கும் கீழே போனது, அம்மா அழுதார். ஆனால் அதற்குப் பிறகு வந்த எந்த வீட்டிலிருந்தும் "கலர் கம்மி" என்று செய்தி வரவில்லை, ஏனென்றால் அதைப் பார்த்துவிட்டுத்தானே வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு, கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தரகரிடம் சொல்லி அனுப்புகிற அந்த அசிங்கம் மிச்சமாயிற்று. எல்லோருக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன், எனக்குச் சொந்தச் சம்பளம் இருந்தது, வெளியூரில் இருந்தேன், அதனால் தாக்குப்பிடித்தேன்.

2020 ஞாபகம் இருக்கிறதா? ஃபேர் அண்ட் லவ்லி க்ளோ அண்ட் லவ்லி ஆனது, ஷாதி.காம் நிறத்தை வைத்துத் தேடுகிற ஃபில்டரை எடுத்தது. பத்திரிகையில் பெரிதாக வந்தது, ஏதோ யுகம் மாறிவிட்டது போல. அந்த க்ரீம் விற்பனைக்கு வந்தது 1975இல், பெயரிலிருந்து ஒரு வார்த்தை போக 45 வருஷம். அதே சமயம் எங்கள் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் வரன் குரூப்பில் "நல்ல நிறமான, குடும்பப் பாங்கான பெண் தேவை" இன்றைக்கும் தினசரி வருகிறது. அதை எந்தக் கம்பெனி போய் எடுக்கும்?

கல்யாணம் ஆகிவிட்டால் இது முடிந்துவிடும் என்று உங்கள் அம்மா நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஆற்றாமை. சத்தீஸ்கரில் ஒரு கணவர் விவாகரத்து கேட்டுப் போன வழக்கு 2023 டிசம்பரில் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. கருப்பு என்று சொல்லி அவர் துன்புறுத்தினார் என்பதுதான் மனைவி தரப்பு. நீதிமன்றம் விவாகரத்து கொடுக்க மறுத்துவிட்டது, வீட்டுக்குள்ளேயே இந்த மனப்போக்கு மாற வேண்டும் என்றும் எழுதியது. சரி, அந்தப் பெண் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறாளே. வெளுத்த போட்டோவைக் காட்டிக் கட்டிவைத்தால் உங்கள் தங்கை அந்த வெளுப்பை ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும்.

பதவி வந்தாலும் விடாது. கேரளத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், அவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். கணவர் காலம் வெளுப்பு, உங்கள் காலம் கருப்பு என்கிற மாதிரி யாரோ அவரிடமே சொல்லியிருக்கிறார்கள், 2025 மார்ச்சில் அவரே அதை ஃபேஸ்புக்கில் எழுதினார். நாலு வயதில் அம்மாவிடம் போய், என்னை மறுபடி உன் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றுத் தருவாயா என்று கேட்டதாகவும் அதில் எழுதியிருந்தார். நாலு வயதில்! ஒரு மாநிலத்தின் தலைமைச் செயலாளர் ஓய்வுபெறப் போகிற வயதில் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோழநாடன்:

இதெல்லாம் வெள்ளைக்காரன் விதைத்துவிட்டுப் போன புத்தி. தமிழனுக்குக் கருப்புதான் அழகு. திருமால் கருப்பு, காளி கருப்பு, சங்கப் பாடல்களில் தலைவியின் மாமை நிறத்தை, அதாவது மாந்தளிர் போன்ற கருமையைத்தான் பாடியிருக்கிறார்கள், பசலை படர்ந்து வெளுத்தால் அதை நோய் என்றார்கள். திருக்குறளிலேயே பசலைக்கென்று ஒரு அதிகாரம் இருக்கிறது. இதை எடுத்துச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

வேப்பம்பூ:

கருப்பசாமிக்குக் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துவிட்டு வந்து, மருமகள் கருப்பு என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள் ஐயா. சங்கப் பாட்டைத் தரகருக்கு அனுப்ப முடியாது. வெள்ளைக்காரன் கொஞ்சம் கூட்டியிருப்பான், ஒத்துக்கொள்கிறேன். அவன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் முழுப் பழியையும் அவன் தலையில் போட்டால் ஆச்சியும் அத்தையும் தப்பித்துவிடுவார்கள்.

தரகர் மகன்:

மதுரைப் பக்கம் என் அப்பா கல்யாணத் தரகர். வாட்ஸ்அப் வேலையெல்லாம் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன், அதனால் இரண்டு வீட்டுப் பேச்சும் காதில் விழும். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தால் படிப்பு, வேலை எல்லாம் அப்புறம், முதலில் "பொண்ணு கலர் எப்படி?" தன் பையனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்தப் பேச்சே வராது, சொந்த வீடு, நல்ல உயரம், கெட்ட பழக்கம் இல்லை. பையன் போட்டோ வரும், கன்னங்கரேல் என்று இருப்பான். கேட்டால், "அதனாலதான் தம்பி பொண்ணு கலரா வேணும், பிள்ளைங்களாவது வெளுப்பா பிறக்கட்டும்" என்பார்கள். ரஜினிகாந்தும் விஜயகாந்தும் கருப்பாக இருந்ததைத் தலையில் வைத்துக் கொண்டாடிய ஊர் இது, கூட ஆட மட்டும் மும்பையிலிருந்து ஆள் வந்தது. அந்தக் கணக்குதான் வீட்டிலும்.

எங்கள் ஃபாரத்தில் நிறம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கருப்பு என்று எழுதிக் கொடுத்த ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்லை (வேப்பம்பூ அக்கா மாதிரி ஆட்கள் எங்களிடம் வருவதில்லை போல). கருப்பாக இருந்தால் மாநிறம், மாநிறமாக இருந்தால் சிவப்பு, சிவப்பாக இருந்தால் நல்ல சிவப்பு. எல்லோரும் ஒருபடி ஏற்றி எழுதுவது எல்லோருக்கும் தெரியும், அதனால் படிக்கிறவர்கள் ஒருபடி இறக்கிப் படிக்கிறார்கள். ஆக யாருக்கும் லாபமில்லை.

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. "பார்த்தா நம்ம ஆளுங்க மாதிரி இல்லையே" என்று ஒரு பேச்சு வரும். ஜாதகம் கையில், குலதெய்வம் வரை விசாரித்தாயிற்று, அப்படியும் வரும். வெயிலில் நின்று வேலை செய்கிற சாதி கருப்பு, நிழலில் இருந்த சாதி வெளுப்பு என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. அதை வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம், கலர் கம்மி என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நிறத்தைப் பற்றிய பேச்சில் பாதி சாதிப் பேச்சுதான் என்பது நான் இந்த வேலையில் பார்த்தது. திட்டுவதானால் திட்டுங்கள்.

பயாலஜி டீச்சர்:

தரகர் மகனைத் திட்ட ஒன்றுமில்லை, அந்தக் கணக்கே தப்பு என்பதற்கு ஆய்வு இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கிற சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் மற்றவர்களோடு சேர்ந்து 2013இல் வெளியிட்டது. எஸ்எல்சி24ஏ5 என்று ஒரு மரபணு, அதன் ஒரு வடிவம் தோலை வெளிர்நிறமாக்குகிறது. ஐரோப்பியர்களிடம் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கிற அதே வடிவம் இந்தியாவிலும், தெற்கிலும்கூட, பல சமூகங்களில் கலந்து கிடக்கிறது. இது ஒன்றுதான் என்றும் இல்லை, நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் இன்னும் பல இருக்கின்றன. அதனால்தான் ஒரே தாய் வயிற்றில் நெல்லைக்காரி மாநிறம், தங்கச்சி கருப்பு. முகத்தைப் பார்த்துச் சாதியைச் சொல்கிறேன் என்பவர்கள் இந்த வீட்டில் எதைச் சொல்வார்கள்?

நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கருப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தச் செல்கள் உண்டாக்கும் மெலனின் துகள்கள் எவ்வளவு பெரிது, தோலில் எப்படிப் பரவுகிறது என்பதில்தான் வித்தியாசம். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து காப்பது அந்த மெலனின்தான். கர்ப்பிணிக்குக் கொடுக்கிற குங்குமப்பூவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பால் வாசனையாக இருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடம் நடத்தும்போது ஏதாவது ஒரு பெண் பிள்ளை கை தூக்கி, "அப்ப என்ன போட்டாலும் மாறாதா மிஸ்?" என்று கேட்கும். ஆண் பிள்ளைகள் கேட்டதில்லை.

நெல்லைக்காரி:

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன்.

ட்யூப் போட்டோ வந்தது. மொமெட்டாசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், அண்ணாச்சி சொன்ன மூன்றும். கம்பெனி பெயரெல்லாம் இருக்கிறது, அந்த மட்டும் நிம்மதி. மூணு பொண்ணு அம்மா சொன்ன மணவறை வசனத்தை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அடுத்த நாள் காலையில் அம்மாவே அவளைக் கூட்டிக்கொண்டு ஐகிரவுண்டுக்குப் போய்விட்டார், எனக்குப் போகும் வழியில்தான் போன். டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததும் ட்யூபைக் காட்டச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாராம். வேறு மருந்து, சன்ஸ்க்ரீன், வாசனை இல்லாத மாய்ச்சரைசர், ஃபேஷியல் ப்ளீச் எதுவும் கூடாது, சரியாக மாதக்கணக்கில் ஆகும், நடுவில் மோசமாகிற மாதிரி இருக்கும், பயப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அம்மா அங்கேயும், "கல்யாணத்துக்குள்ள சரியாயிருமா டாக்டர்?" என்று கேட்டாராம். எப்போது கல்யாணம் என்று அவர் கேட்க, மாப்பிள்ளையே இன்னும் அமையவில்லை என்று இவர் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாராம். தங்கச்சி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துக் கேட்கிறேன்.

முகம் தேறும்வரை யாரும் பெண் பார்க்க வரக் கூடாது, அந்த வெளுத்த போட்டோவைத் தரகரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆபீஸ் ஐடி கார்டில் இருக்கிற பழைய போட்டோவைக் கொடுத்திருக்கிறாள். ஆவணி போனால் தை என்று அம்மா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். 20 பவுன் கேட்ட வீட்டுக்கு அப்பா இன்னும் முடிவாகப் பதில் சொல்லவில்லை, அதற்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அடுத்த வாரம் ஊருக்குப் போய் நேரில் போட்டுக்கொள்கிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். சித்தி, க்ரீம்தானே ஆகாது, இது நாட்டு மருந்து என்று குங்குமாதி தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறார். பூசலாமா?

மெடிக்கல் அண்ணாச்சி:

வேண்டாம்மா. தோல் மெலிந்து கிடக்கும்போது எண்ணெய் பூசினால் பரு இன்னும் கிளம்பும். டாக்டர் எழுதியதைத் தவிர எதுவும் வேண்டாம், கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சம்பழம், தயிர், கடலைமாவு எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். சன்ஸ்க்ரீன் வாங்கும்போது வைட்டனிங், பிரைட்டனிங் என்று போட்டிருப்பதை எடுக்காமல் சாதாரணமானதைக் கேளுங்கள். வீட்டில் பழைய ட்யூப் மிச்சம் இருந்தால் இன்றைக்கே தூக்கிப் போடச் சொல்லுங்கள், எரிச்சல் அதிகமாகிற ராத்திரி அதைத்தான் கை தேடும்.

அப்புறம், சித்தியின் மருமகளுக்கும் இதே ட்யூப் என்று முதலில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண் இன்னும் பூசுகிறதா?

நெல்லைக்காரி:

விசாரித்தேன் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, இரண்டு வருஷமாக நிறுத்தவே இல்லையாம். நிறுத்தினால் எரிகிறது என்று மதினி சித்தியிடம் சொல்லவும் இல்லை, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பூசிக்கொள்கிறாள். தங்கச்சிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள், அன்றைக்கு மதினியையும் கூட்டிப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். சித்தியிடம் கோயிலுக்கு என்று சொல்லிக்கொள்வார்களாம்.